அப்டேட்டுக்குப் பிறகு லப்டொப் எழும்பவில்லையா?

மழைக்காலம் தொடங்கினால் எங்கள் வீட்டு விறாந்தையில் லப்டொப்புகள் சேரத் தொடங்கிவிடும். நான் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் அல்ல. இலங்கையின் மட்டக்களப்பில், ஆரையம்பதிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஐசிடி படிப்பிக்கிறவன். என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். மெஷின் படுத்துவிட்டால் அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நான்தான்.

மைக்ரோசொப்ட் விண்டோஸுக்கான மாதாந்த அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடுகிறது. நமது நேரத்துக்கு அது இரவு பத்தரை, பதினொன்றரை மணி. ஆகவே புதனும் வியாழனும்தான் எனக்கு அழைப்புக் கூடிய நாட்கள். அதோடு கார்த்திகை மார்கழியில் கரண்ட் வந்து வந்து போகும். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் கேட்கவே தேவையில்லை.

இப்படி வந்தவற்றில் உண்மையாகச் செத்துப்போன லப்டொப் மிகச் சில. பெரும்பாலானவை பாதி அப்டேட்டில் நின்றவை. ஆனால் உள்ளே இருந்த படங்களும் அசைன்மென்ட்டுகளும் போனது அப்டேட்டால் அல்ல. அவசரப்பட்டு 'போர்மட் அடித்ததால்', அதாவது டிஸ்க்கைத் துடைத்ததால். அதனால் கீழே உள்ள எந்த வழியையும் இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள்: முதலில் காசு செலவில்லாத சோதனை, பிறகு உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது, கடைசியாகத்தான் விண்டோஸைத் திரும்பப் போடுவது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போனில் படம் எடுங்கள். "ஏதோ நீலமா வந்திச்சு சேர்" என்று சொன்னால் எனக்கும் விளங்காது, கடைக்காரருக்கும் விளங்காது. நீலத்தில் நாலைந்து வகை இருக்கிறது.

குத்தியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பென்டிரைவ், டொங்கிள், மவுஸ், மெமரி கார்ட், எச்டிஎம்ஐ வயர். சார்ஜரை மல்டி பிளக்கில் இருந்து எடுத்து நேரே சுவரில் குத்துங்கள். பாதி உடைந்த மல்டி பிளக்கை ஆட்டி ஆட்டிப் பயன்படுத்துகிற வீடுகள் நம்மூரில் நிறைய.

பிறகு மின்னை வடிய விடுவது. லப்டொப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பற்றரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அமத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஓன் பண்ணுங்கள். இதனாலேயே எழும்பிய லப்டொப்புகள் உண்டு. ஆனால் திரையில் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யக்கூடாது.

அறிகுறி 1: வட்டம் சுற்றுகிறது, சதவீதம் நகரவில்லை

"கெட்டிங் விண்டோஸ் ரெடி" என்றோ "வேர்க்கிங் ஒன் அப்டேட்ஸ் 30%" என்றோ எழுதிக்கொண்டு நிற்கும்.

*முதல் காரணம்: அது நிற்கவே இல்லை, மெதுவாக ஓடுகிறது.* எஸ்எஸ்டி உள்ள லப்டொப்புக்கு ஒரு மணித்தியாலம் கொடுங்கள். பழைய சுழலும் ஹார்ட்டிஸ்க் என்றால் மூன்று மணித்தியாலம். பக்கத்தில் சின்ன டிஸ்க் லைட் இருந்தால் அது மினுங்குகிறதா என்று பாருங்கள். லைட் இல்லையென்றால் அடிப்பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். சூடும் காற்றாடிச் சத்தமும் இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. சார்ஜரில் போட்டு மூடியைத் திறந்தபடி விட்டுவிட்டு, சோறு சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பற்றரி செத்துப்போய் சார்ஜரில் மட்டும் ஓடும் லப்டொப் என்றால் நிலைமை வேறு. நல்ல பற்றரிதான் லப்டொப்பின் யூபிஎஸ். அது இல்லாமல் மழை நாளில் அப்டேட் போடுவது கட்டுமரத்தில் கடலுக்குப் போவது போல. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் என்னிடம் வந்தவை அநேகமாக இந்த இனம்தான். பக்கத்து வீட்டில் யூபிஎஸ் இருந்தால் ஓர் இரவுக்கு இரவல் வாங்குங்கள்.

*இரண்டாவது காரணம்: உண்மையிலேயே இறுகிவிட்டது.* சொன்ன நேரம் கடந்தும் சதவீதம் மாறவில்லை, லைட் மினுங்கவில்லை, காற்றாடியும் அடங்கிவிட்டது என்றால் பவர் பட்டனை 10 வினாடி பிடித்து அணையுங்கள். அரை நிமிடம் விட்டு ஓன் பண்ணுங்கள். அநேகமாக "அன்டூயிங் சேஞ்சஸ்" என்று வந்து, பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதையும் குழப்பாமல் முடிய விடுங்கள். பட்டனைத் திரும்பத் திரும்ப அமத்தியவர்கள்தான் அடுத்த அறிகுறிக்குப் போய்ச் சேருகிறார்கள்.

போன வருடம் ஒரு பிள்ளை "அப்டேட் அன்ட் ஷட்டவுன்" குடுத்துவிட்டு அப்படியே மடித்துப் பையில் போட்டு ஒலுவிலில் பஸ் ஏறியிருக்கிறது. காத்தான்குடி வருகிற போது பை கொதிக்கிறதாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பற்றரி இறங்கி அணைந்துபோய் இருந்தது. சார்ஜரில் போட்டு இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்ததுதான் நான் செய்த வேலை. தானாகவே எழும்பியது.

அறிகுறி 2: அணைந்து அணைந்து எரிகிறது, உள்ளே போகவில்லை

"அன்டூயிங் சேஞ்சஸ்", பிறகு ரீஸ்டார்ட், பிறகும் அதே. இரண்டு தடவை அப்படி நடந்தால் பொறுங்கள். நான்கைந்து தடவை என்றால் மீட்புத் திரைக்குப் போக வேண்டும்.

மீட்புத் திரைக்குப் போகும் வழியை ஒருமுறை பழகிவைத்தால் மீதி எல்லா அறிகுறிக்கும் உதவும். ஓன் பண்ணி, கம்பனிப் பெயர் வந்து வட்டம் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இப்படி மூன்று தரம். அடுத்த தரம் விண்டோஸ் தானாகவே "ஒட்டோமெட்டிக் ரிப்பேர்" என்று நீலத் திரையைக் காட்டும். அதில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், பிறகு ட்ரபிள்ஷூட், பிறகு திரும்பவும் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ். கடவுச்சொல் கேட்கும் திரை வரையாவது வருகிறதென்றால் இந்தக் கூத்து தேவையில்லை. ஷிப்ட்டை அமத்திக்கொண்டு மூலையில் உள்ள பவர் குறியில் ரீஸ்டார்ட் அமத்தினால் போதும்.

அங்கே போனதும் இந்த வரிசையில்:

முதலில் ஸ்டார்ட்டப் ரிப்பேர். பத்து நிமிட வேலை, எதையும் அழிக்காது. சரிவந்தால் நல்லது, எனக்குச் சரிவந்தது குறைவு.

அடுத்தது அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ். உள்ளே இரண்டு தெரிவு வரும். 'குவாலிட்டி' என்பது மாதாந்தச் சின்ன அப்டேட், 'பீச்சர்' என்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரியது. சின்னதைக் கழற்றி ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பெரியதில் கை வைக்க வேண்டும். பெரியதைத் திருப்ப விண்டோஸ் பொதுவாகப் பத்து நாள்தான் அவகாசம் தரும். பிறகு பழைய கோப்புகளைத் தானே துடைத்துவிடும். அதனால் "சேர், ரெண்டு கிழமைக்கு முந்தி வந்த பிரச்சினை" என்று கொண்டு வந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும்.

கழற்ற முடியாது என்று சொன்னால் சிஸ்டம் ரீஸ்டோர். முந்திய திகதி ஏதாவது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்புகள் போகாது, பின்னால் போட்ட மென்பொருள்கள் போகும். பட்டியல் வெறுமையாக இருந்தால், அந்த வசதி முன்பே அணைந்து கிடந்திருக்கிறது.

பிறகு ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், இலக்கம் 4. அது சேப் மோட், அத்தியாவசியமானதை மட்டும் ஓடவிட்டு விண்டோஸ் எழும்பும் முறை. சேப் மோடில் எழும்பினால் பாதிச் சிக்கல் தீர்ந்தது: டிஸ்க் உயிரோடு இருக்கிறது, விண்டோஸும் முழுதாக உடையவில்லை. உள்ளே போய் சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். சிவப்புக் கோடு காட்டினால் காரணம் அதுவேதான். 128 ஜிபி எஸ்எஸ்டியில் கல்யாண வீட்டு வீடியோவை அடைத்துவிட்டு அப்டேட்டைப் பேசுவதில் அர்த்தமில்லை. 20 ஜிபி காலியாக்குங்கள், ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

அங்கேயும் தீரவில்லையா? கடைக்குப் போகும் கட்டம் வந்துவிட்டது. ஆனால் போகமுன் அடுத்த தலைப்பில் உள்ள கோப்பெடுக்கும் வழியைச் செய்துவிட்டுப் போங்கள். கடையில், 'டிசம்' கட்டளையில் 'ரிவேர்ட் பெண்டிங் அக்ஷன்ஸ்' போட்டுப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். பாதியில் நின்ற அப்டேட்டைக் கழற்றி எறியும் கட்டளை அது. தெரிந்தவர் உடனே தலையாட்டுவார். "அதெல்லாம் வேண்டாம், போர்மட் அடிப்பம்" என்றால் வேறு கடை பாருங்கள்.

அறிகுறி 3: "ஒட்டோமெட்டிக் ரிப்பேர் குட் நொட் ரிப்பேர் யுவர் பிசி"

என்னிடம் அதிகம் வருவது இது. மீட்புத் திரை தானே திறக்கிறது, தானே திருத்தப் பார்க்கிறது, முடியவில்லை என்கிறது. அறிகுறி 2இல் சொன்ன நான்கையும் இங்கேயும் அதே வரிசையில் செய்யுங்கள். நான் இங்கே கூடுதலாகக் கதைக்கப் போவது கோப்பைப் பற்றி.

*கோப்பை வெளியே எடுப்பது.* கடைக்குப் போகாமல், வேறு மென்பொருள் இறக்காமல் செய்யக்கூடியது. அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் 'கொமாண்ட் புரொம்ப்ட்' திறவுங்கள். கறுப்புப் பெட்டி வரும். அதில் 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அமத்துங்கள். நோட்பேட் திறக்கும். ஃபைல், ஓப்பன் என்று போங்கள். கீழே 'டெக்ஸ்ட்' என்று இருக்கும் இடத்தை 'ஓல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இப்போது உங்களுடைய டிரைவ்கள் எல்லாம் தெரியும். 'யூசர்ஸ்' உள்ளே உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ். ரைட் கிளிக், கொப்பி. பென்டிரைவைக் குத்தி, அதே பெட்டியில் பென்டிரைவுக்குள் போய் பேஸ்ட்.

இரண்டு எச்சரிக்கை. இங்கே சி டிரைவ் டி என்றும் டி டிரைவ் சி என்றும் மாறிக் காட்டலாம். எழுத்தை நம்பாமல் உள்ளே திறந்து பாருங்கள். இன்னொன்று, கொப்பியாகும்போது எந்தக் கோடும் ஓடாது, பெட்டி விறைத்துப் போனது போல நிற்கும். விறைக்கவில்லை. கைவைக்காமல் விடுங்கள். சின்னச் சின்ன ஃபோல்டராக எடுப்பது உத்தமம்.

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு அம்மா பேத்தியின் லப்டொப்பைக் கொண்டு வந்தா. "மனே, இது போனாப் போகட்டும், செத்துப்போன அவட அப்பாட போட்டோ மட்டும் இதுக்குள்ளதான் இரிக்கி" என்று சொன்னா. விண்டோஸை அன்று காப்பாற்ற முடியவில்லை. படங்களை இந்த நோட்பேட் வழியால் எடுத்தோம், நாலு மணித்தியாலம் போனது.

*டிஸ்க்கில் பிழை.* கோப்புகளை எடுத்த பிறகு மட்டும், டிஸ்க்கைச் சோதிக்கும் 'செக்டிஸ்க்' கட்டளையை ஓட விடலாம். எடுக்கமுன் ஓடவிடாதீர்கள். சாகக் கிடக்கும் ஹார்ட்டிஸ்க்கை அது மணிக்கணக்காகச் சுரண்டும். மிச்ச உயிரும் அதில் போய்விடும். டக், டக் என்று சத்தம் கேட்டால் செக்டிஸ்க்கும் வேண்டாம், நோட்பேட்டும் வேண்டாம், அணைத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

வீடியோ பார்த்துக் கட்டளை தட்டுகிறவர்களுக்கு ஒன்று. 'டிஸ்க்பார்ட்' என்று தொடங்கி 'கிளீன்' என்று முடியும் எதையும் தட்டாதீர்கள். அந்தச் சொல் கேள்வி கேட்காமல் முழு டிஸ்க்கையும் வெறுமையாக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

*ரீசெட் திஸ் பிசி.* மேலே எதுவும் சரிவராவிட்டால் இது. 'கீப் மை ஃபைல்ஸ்' தெரிவு செய்தால் கோப்புகள் இருக்கும், மென்பொருள்கள் எல்லாம் போகும். அலுவலகம் நடத்துகிறவர்கள் பாமினி எழுத்துருவையும் பிரிண்டர் டிரைவரையும் திரும்பப் போட ஆயத்தமாக இருக்க வேண்டும். பிறகு 'கிளவுட் டவுன்லோட்' வேண்டுமா, 'லோக்கல்' வேண்டுமா என்று கேட்கும். கிளவுட் என்றால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா இழுக்கும். போன் ஹொட்ஸ்பொட்டில் இருக்கிறீர்கள் என்றால் முதலில் லோக்கல். அது தோற்றால் மட்டும் கிளவுட்.

அறிகுறி 4: நீலத் திரை 48 இலக்கம் கேட்கிறது

இது பிழையே அல்ல, பூட்டு. பிட்லொக்கர் என்று பெயர். அப்டேட்டால் கீழ்மட்டத்தில் ஏதாவது மாறினால், 'இது அதே வீட்டுக்காரன்தானா' என்று சந்தேகப்பட்டுத் திறப்பைக் கேட்கிறது. 2024 ஜூலை அப்டேட்டிலும், விண்டோஸ் 10க்கு 2025 மே அப்டேட்டிலும் இப்படிச் சில மெஷின்கள் கேட்டன. மைக்ரோசொப்ட்டும் அதை ஒப்புக்கொண்டது.

"நான் பூட்டவே இல்லையே" என்பார்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போனால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். திறப்பு அதே கணக்குக்குள்தான் கிடக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் ரிகவரி கீ என்று தேடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், லப்டொப் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தோடு ஒத்துப்பாருங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கணக்கைத் திறந்தது யார் என்று தெரியாதபோது. லப்டொப் வாங்கிய கடைத் தம்பி தன்னுடைய மின்னஞ்சலைப் போட்டுத் திறந்து தந்திருப்பார். அல்லது கட்டாரில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பும்போது அவருடைய கணக்கில் இருந்திருக்கும். அண்ணனுக்கு வட்ஸ்அப் போடுங்கள், கடைக்குப் போய்க் கேளுங்கள். பல்கலைக்கழகமோ அலுவலகமோ தந்த கணக்கு என்றால் அங்குள்ள ஐடி பிரிவில் கேட்க வேண்டும்.

திறப்பு எங்கும் இல்லையென்றால் உள்ளே இருப்பது போனதுதான். யாராவது "உடைத்துத் தாறன்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். துடைத்துப் புதிதாகப் போடலாம், அவ்வளவுதான். திறப்புக் கிடைத்து எழும்பிவிட்டால், அன்றைக்கே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 48 இலக்கத்தையும் எழுதிவையுங்கள்.

அறிகுறி 5: கறுப்புத் திரை

இதில் மூன்று கிளை.

*மவுஸ் அம்பு தெரிகிறது, வேறு எதுவும் இல்லை.* கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்துங்கள். டாஸ்க் மனேஜர் வந்தால், புதிய டாஸ்க் ஓடவிடும் இடத்தில் 'எக்ஸ்புளோரர்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். டெஸ்க்டொப் வந்துவிடும். அடுத்த தரமும் இதே கதை என்றால் சேப் மோடில் போய்க் கடைசி அப்டேட்டைக் கழற்றுங்கள்.

*அம்பும் இல்லை, ஆனால் கெப்ஸ் லொக் லைட் அமத்த அமத்த எரிந்து அணைகிறது.* மெஷின் உயிரோடு இருக்கிறது, திரைதான் இல்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் ஒரே நேரத்தில் அமத்தினால் திரை டிரைவர் திரும்பத் தொடங்கும். ஒரு பீப் சத்தம் கேட்கலாம். சரிவராவிட்டால் வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ வயரால் குத்திப் பாருங்கள். டிவியில் படம் வருகிறதென்றால் லப்டொப் திரையிலோ வயரிலோ பழுது. இருட்டறையில் போன் டோர்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு போய்விட்டது. அப்டேட்டை ஏசிப் பிரயோசனமில்லை, கடை வேலை.

*கெப்ஸ் லொக்கும் எரியவில்லை.* அறிகுறி 7க்குப் போங்கள்.

அறிகுறி 6: "நோ பூட்டபிள் டிவைஸ்"

எச்பியில் 'பூட் டிவைஸ் நொட் பவுண்ட்' என்றும் 3எப்0 என்றும் வரும். அதாவது லப்டொப்புக்கு டிஸ்க் எங்கே என்று தெரியவில்லை.

பென்டிரைவ் குத்தியபடி இருக்கிறதா என்று திரும்பவும் பாருங்கள். பிறகு பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், லப்டொப்பின் அடிப்படை மென்பொருள்) போங்கள். ஓன் பண்ணியதும் இந்தக் கீயைத் தட்ட வேண்டும்: எச்பிக்கு எப்10, டெல், ஏசர், அசுஸுக்கு எப்2, லெனோவோவுக்கு எப்1 அல்லது எப்2, சிலவற்றில் பக்கத்தில் ஊசியால் குத்தும் சின்ன நோவோ பட்டன் இருக்கும். உள்ளே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா?

*தெரிகிறது.* பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மனேஜர்' முதலாவதாக இருக்க வேண்டும். இருந்தும் எழும்பவில்லையென்றால் தொடக்கக் கோப்பு உடைந்திருக்கிறது. வேறொரு கம்பியூட்டரில் மைக்ரோசொப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸ் போட்டு எடுங்கள். ஐந்து ஜிபிக்கு மேல் இறங்கும், இரவு டேட்டாவில் போடுங்கள். அதில் பூட் பண்ணி, 'இன்ஸ்டோல்' அமத்தாமல் 'ரிப்பேர் யுவர் கம்பியூட்டர்' போய் ஸ்டார்ட்டப் ரிப்பேர்.

டிஸ்க்கைக் கையாளும் ஏஎச்சிஐ, ரெய்ட் என்ற தெரிவைப் பயோஸில் மாற்றிவிட்டாலும் விண்டோஸ் எழும்பாது. "சும்மா போய்ப் பார்த்தன்" என்கிறவர்கள் அநேகமாக அதைத்தான் தட்டியிருப்பார்கள். முன்பு இருந்ததற்கே மாற்றுங்கள்.

*தெரியவில்லை.* எஸ்எஸ்டி கழன்றிருக்கலாம், துருப்பிடித்திருக்கலாம், செத்திருக்கலாம். கல்லடி, பெரியகல்லாறு, திருக்கோவில் மாதிரிக் கடலோரத்தில் யன்னலுக்குப் பக்கத்தில் மேசை போட்டுப் பாவிக்கிற லப்டொப்பின் அடியைத் திறந்தால், இணைப்புகளில் பச்சை படிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். உப்புக் காற்றுக்கு வருடம் ஒன்றே போதும். திறக்கத் தெரிந்தவர் உள் பற்றரி இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை எடுத்து, தங்கநிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பக் குத்தலாம். உத்தரவாதக் காலம் முடியாதது என்றால் திறக்கவே வேண்டாம், வாங்கிய இடத்துக்குக் கொண்டு போங்கள். துடைத்தும் தெரியாவிட்டால் புதிய எஸ்எஸ்டி.

அறிகுறி 7: லைட் மட்டும் எரிகிறது, வேறு அசைவில்லை

விண்டோஸ் அப்டேட்டோடு சில நேரம் பயோஸ் அப்டேட்டும் ஒட்டிக்கொண்டு வரும். கறுப்புத் திரையில் கம்பனிப் பெயரும் ஒரு கோடும் ஓடும்போது கரண்ட் போனால் வருவது இது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததென்று நாடே இருண்டதே, அடுத்த நாள் என் விறாந்தைக்கு வந்த ஒன்று அந்த வகை. பற்றரியில்லாத பழைய மெஷின். குரங்குக்கு இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் 30 வினாடி மின்வடிப்பு. இரண்டு மூன்று தரம் செய்யுங்கள். அடுத்தது கம்பனி வைத்திருக்கும் மீட்பு வழி. எச்பி என்றால் விண்டோஸ் கீயையும் பியையும் அமத்திக்கொண்டு பவர் பட்டனை இரண்டு மூன்று வினாடி பிடித்து விடுங்கள். மற்ற இரண்டையும் விடாமல் ஒரு நிமிடம் வரை பொறுங்கள். டெல் என்றால் சார்ஜரைக் கழற்றி, கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் அமத்தியபடி சார்ஜரைக் குத்துங்கள். இரண்டிலும் மீட்புத் திரை வந்தால் அதன் சொல் கேட்டுப் போங்கள். எல்லா மொடலிலும் வராது.

லைட் மினுங்குகிறதென்றால் எத்தனை தரம், என்ன நிறம் என்று எண்ணி எழுதுங்கள், வீடியோவும் எடுங்கள். அது லப்டொப் பேசும் பாஷை. கடைக்காரருக்கு அதை வைத்தே ரேமா, பயோஸா, மதர்போர்டா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ரேமைக் கழற்றிக் குத்துவது, பயோஸ் சிப்பைத் திரும்ப எழுதுவது, கடைசியாக மதர்போர்ட்: இந்த ஒழுங்கில் செலவு ஏறும். சிப் எழுதும் கருவி எல்லாக் கடையிலும் இல்லை, போகமுன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமலே "மதர்போர்ட் போயிற்று" என்று சொன்னால், சிப்பை எழுதிப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. அந்தப் பயத்தில் செக்கன்ட் ஹேண்ட் லப்டொப்புகளில் எல்லாம் குறுக்கு வழியால் விண்டோஸ் 11 ஏற்றிவிட்டார்கள். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை அநேகமாக அதற்குத் தகுதியானவை அல்ல. அவற்றுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் பொறுப்பேற்பதும் இல்லை. கோர் 2 டுவோ காலத்து மெஷினில் 24எச்2 எழும்பவே எழும்பாது, அதற்கு வேண்டிய கட்டளையே அந்தப் பிராசசரில் இல்லை. இப்படியான ஒன்று அப்டேட்டில் படுத்தால் நான் திருத்த மினக்கெடுவதில்லை. கோப்பை எடுத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். முதல் கிழமை திட்டுவார்கள், பிறகு வருவதில்லை.

கடைக்குக் கொடுக்கும்போது

"முதலில் டேட்டாவை எடுத்து இந்த எக்ஸ்டேர்னலில் போட்டுத் தாங்க, பிறகு விண்டோஸ்" என்று சொல்லுங்கள். சொன்னதைப் பற்றுச்சீட்டில் எழுத வையுங்கள். அடியில் உள்ள சீரியல் இலக்கத்தைப் படம் எடுங்கள். பழைய டிஸ்க்கை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: புதிதாக வாங்கும்போதே விண்டோஸ் ஹோம் இருந்த லப்டொப் என்றால் அதன் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும். திரும்பவும் ஹோமே போட்டால், இணையத்தோடு இணைத்ததும் தானாகவே செயற்படும், காசு கட்டத் தேவையில்லை. சில கடைகள் பழக்கத்தில் புரோ போட்டுவிட்டு, பிறகு அதற்கு ஒரு கிராக்கும் (உரிமம் இல்லாமல் ஓடவைக்கும் திருட்டு மென்பொருள்) போடுவார்கள். அந்தக் கிராக் போட்ட சில லப்டொப்புகள் அடுத்த பெரிய அப்டேட்டுக்குத் திரும்பவும் என் விறாந்தைக்கு வந்திருக்கின்றன. "ஹோம்தான் வேணும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எழும்பிய லப்டொப்பைக் கையில் வாங்கியதும் செட்டிங்ஸில் அப்டேட்டை ஒரு கிழமை நிறுத்திவையுங்கள். ஐந்து கிழமை வரை தள்ளிப்போட விடும். பரீட்சை நாள், அசைன்மென்ட் கடைசி நாள், மழைக்கு இருட்டிக்கொண்டு வரும் நாள், இந்த மூன்றிலும் அப்டேட் வேண்டாம். வெயில் நாளில், பற்றரி நிரம்பியிருக்கும்போது, சார்ஜரையும் குத்திவிட்டுப் போடுங்கள். "அப்டேட் அன்ட் ஷட்டவுன்" குடுத்துவிட்டுப் பையில் போட வேண்டாம். லைட் அணையும் வரை பஸ்ஸை விடுங்கள். ஒலுவிலில் இருந்து அடுத்த பஸ் வரும்.